இருவர் மிஞ்சிய மேடை

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், மின்னணு ஓசையை ராக் இசைக்குள் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு நான்கே வரியில் பதில் எழுதி, அதில் 'சில்வர் ஆப்பிள்ஸ்' என்ற நியூயார்க் இரட்டையரின் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டேன். பெயரைச் சொல்லிவிட்டுக் கதையைச் சொல்லாமல் போனது முறையா என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறார்கள். முறையில்லைதான். இந்த மாதம் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் தருகிறேன்.

இருவர் மட்டும் சேர்ந்து, கிதாரே இல்லாமல், ஒரு ராக் குழுவைத் தொடங்கலாம் என்ற யோசனை அவர்களுக்கு எப்படி வந்தது? — கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

அப்படியொரு யோசனை அவர்களுக்கு வரவேயில்லை. கிதார்களோடு இருந்த ஒரு குழுவிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப் போக, கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். அந்த மிச்சத்துக்குத்தான் பிறகு பெயர் வைக்கப்பட்டது.

சிமியன் காக்ஸ் 1938 ஜூன் 4 அன்று டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் பிறந்து, நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். அடிப்படையில் ஓவியர். 1960களின் நடுவில் நியூயார்க்கில் 'ஓவர்லேண்ட் ஸ்டேஜ் எலக்ட்ரிக் பேண்ட்' என்ற குழுவில் பாடகராக இருந்தார். பிறர் பாட்டுகளை வாசித்துப் பிழைத்த குழு அது. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழு எப்படியோ, அங்கே கிரீன்விச் வில்லேஜ் சிற்றுண்டி விடுதிகளில் அவர்கள் அப்படி. 'கஃபே வா' என்ற விடுதியில் அவர்கள் வாசித்து வந்தார்கள். 1966இல், பின்னாளில் புகழ்பெற்ற கிதார் கலைஞரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயர் தெரியாத இளைஞராக வாசித்துக்கொண்டிருந்ததும் அதே விடுதியில்தான்.

சிமியனின் நண்பர் ஒருவர் செவ்வியல் இசையமைப்பாளர். அவர் வீட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆடியோ ஆசிலேட்டர் ஒன்று, அதாவது குமிழைத் திருகினால் ஏறி இறங்கும் ஒரே ஒலியை எழுப்பும் சோதனைக் கருவி, இருந்தது. மேலை இசை மேதைகளின் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, அதற்கு ஈடாக ஆசிலேட்டரின் குமிழைத் திருகி ஊளையிடச் செய்து மகிழ்வது அந்த நண்பரின் பொழுதுபோக்கு. ஒருநாள் சிமியன் அதே பெட்டியின் முன் உட்கார்ந்து, ராக் இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, குமிழைத் திருகிப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டி அவரை விடவில்லை. அதை மேடைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

கிதார்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிதாரில் விரல் வைக்கும் இடங்கள் கட்டை போட்டுப் பிரிக்கப்பட்டவை. ஆசிலேட்டருக்கு அப்படி ஒரு வரையறையும் கிடையாது. அது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டே போகும். கிதார்க்காரர் ஒரு கார்டிலிருந்து (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கொத்து அது) அடுத்த கார்டுக்குப் போகும்போது ஆசிலேட்டரும் கூடவே போகாது. அது இருந்த இடத்திலேயே முனகிக்கொண்டு நிற்கும். மேடையில் ஒருவர் வேறு மொழி பேசத் தொடங்கினால் மற்றவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒருவர் போனார், பின் இன்னொருவர். இறுதியில் சிமியனும், டிரம்ஸ் வாசிக்கும் டானி டெய்லரும் மட்டும் நின்றார்கள். இது நடந்தது 1967.

டிரம்ஸ்காரர் மட்டும் ஏன் நின்றார் என்பதைக் கவனியுங்கள். தாள வாத்தியக்காரருக்குக் கார்டு மாறவேண்டிய கவலை கிடையாது. எதிரே ஒலிப்பது கிதாரா ஆசிலேட்டரா என்பதைவிட, அதில் துடிப்பு இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியம். சுருதி தொடர்ந்து நிற்கிற இசை, தாளக்காரருக்கு இடைஞ்சலாக இருப்பதில்லை, இடம் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், சில்வர் ஆப்பிள்ஸ் என்ற குழு பிறந்தது ஆசிலேட்டர் மேடைக்கு வந்த அன்று அல்ல, டெய்லர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த அன்றுதான் என்பேன்.

ஆடியோ ஆசிலேட்டர் என்பது சோதனைக்கூடக் கருவி. அதை ஒருவர் எப்படி 'வாசிக்க' முடியும்? — மின்னணுவியல் படிக்கும் மாணவி, லாஸ்பேட்டை

பள்ளிப் பாடநூலில் இதை 'அலையியற்றி' என்று படித்திருப்பீர்கள். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதன் உள்ளீட்டுக்கே நேர்பின்னூட்டமாகத் திருப்பிக் கொடுத்தால், வெளியிலிருந்து எந்தச் சைகையும் வராமலே அது தானாக அதிரத் தொடங்கும். எவ்வளவு வேகத்தில் அதிர வேண்டும் என்பதை மின்தடையும் மின்தேக்கியும் முடிவு செய்கின்றன. ஒலிபெருக்கி, தொலைபேசி, வானொலி ஆகியவற்றைச் சோதிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி இது. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் 1939இல் வெளியிட்ட முதல் சரக்கே ஓர் ஆடியோ ஆசிலேட்டர்தான். அலையின் வீச்சு ஏறி இறங்காமல் நிலையாக நிற்பதற்காக அதன் சுற்றுக்குள் ஒரு சிறு மின்விளக்கை வைத்திருந்தார்கள். அடுத்து வந்த மாதிரியில் எட்டுக் கருவிகளை வால்ட் டிஸ்னியின் படப்பிடிப்பு நிலையம் வாங்கியது, திரையரங்க ஒலியமைப்பைச் சோதிப்பதற்காக.

இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கையால் திருகிப் பார்ப்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சண்டே மார்க்கெட்டில், பழைய மின்விசிறிகளுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவில், ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து கழித்துக் கட்டப்பட்ட ஆசிலேட்டர் ஒன்று கிடந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டயல், அதன் எண்களில் பாதி அழிந்திருந்தன. "ஓடும் சார், எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். வீட்டில் பிளக்கைச் செருகியதும் ஓடவில்லை, புகைந்தது. தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் வீங்கிப்போன இரண்டு கண்டென்சர்களை மாற்றி, "இதை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

ஆம்ப்ளிஃபயரில் இணைத்து டயலை 20இல் (நொடிக்கு 20 அதிர்வுகள்) வைத்தபோது முதலில் எதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மட்டும் மூச்சு வாங்குவதுபோல் உள்ளே போய் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிந்தது. 50ஐத் தாண்டியதும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல். 300க்கு அருகில் தூரத்தில் யாரோ சங்கு ஊதுவதுபோல் ஒரு குரல். ஆயிரத்துக்கு மேல் அது சீழ்க்கையாகி, பன்னிரண்டாயிரத்தை நெருங்கும்போது என் காதுக்கு எட்டாமல் போயிற்று. ஆனால் பக்கத்தில் இருந்த பேத்தி காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்க தாத்தா" என்றாள். பிறகு வீட்டிலிருந்த மின்னணுச் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, டயலை மெல்லத் திருகி அதன் சட்ஜத்துக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோனேன். இரண்டு ஒலிகளும் சேரும் தறுவாயில் 'உவ்... உவ்... உவ்' என்று ஒரு துடிப்பு எழுந்தது. பாடநூல் இதைத்தான் 'விம்மல்கள்' என்கிறது. இவ்வளவு பொருத்தமான கலைச்சொல்லை ஆக்கியவர் யாரென்று தெரிந்தால் கும்பிடுவேன். இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடு எத்தனையோ, ஒரு நொடிக்கு அத்தனை விம்மல்கள். வேறுபாடு குறையக் குறைய விம்மல் நீண்டு, நின்று, ஒலி ஒன்றாகிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் விம்மத் தொடங்கியிருந்தது. நான் குமிழைத் தொடவேயில்லை, பெட்டி சூடாகிச் சுருதி தானாக நகர்ந்திருந்தது.

சிமியனுக்கு இருந்த வசதியும் வில்லங்கமும் இதே இரண்டும்தான். டயலைத் திருகினால் ஊளைதான் வரும்; தனித்தனிச் சுரங்களாக வெட்டி வாசிக்க முடியாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தந்தி அலுவலகத்தில் 'கட் கட' என்று அடிப்பார்களே, அந்தத் தந்திச் சாவி. ஆசிலேட்டர் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். சாவியை அழுத்தும்போது மட்டும் அந்த ஒலி வெளியே வரும். ஒரு பெட்டிக்கு ஒரு சுரம் என்றால் ஒரு மெட்டுக்கே பல பெட்டிகள் வேண்டும். ஆகவே ஒன்று இரண்டாகி, இரண்டு ஒன்பதாயிற்று. முதல் இசைத்தட்டின் உறையில் அச்சிட்டிருந்தபடி, ஒன்பது ஆசிலேட்டர்களும் 86 கட்டுப்பாட்டு விசைகளும் அந்தக் கருவியில் இருந்தன. மெட்டையும் தாள ஓட்டத்தையும் கை, முழங்கை, முழங்கால்களால் வாசித்தார். கீழ்ச்சுருதி ஆசிலேட்டர்களைக் காலால் மிதித்தார். போர்க் கால உபரிச் சாமான்களை மலிவாக விற்கும் கடைகள் நியூயார்க்கில் நிறைந்திருந்த காலம் அது. இந்தக் கருவிக்கு அவர் பெயரையே வைத்து, 'சிமியன்' என்று அழைத்தார்கள்.

அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964லேயே சின்தசைசரை, அதாவது மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கி வாசிக்கும் இசைக்கருவியை, செய்துவிட்டார் அல்லவா என்று நீங்கள் கேட்கக்கூடும். செய்துவிட்டார். ஆனால் அது ஆயிரக்கணக்கான டாலர் விலை. விடுதியில் பாடிப் பிழைப்பவர் வாங்கக்கூடியது அல்ல. மேலும் மூக்கின் கருவியில் பியானோ போன்ற விசைப்பலகை இருந்தது. அது சிமியனிடம் இருந்திருந்தால் பியானோக்காரர் வாசிப்பதைத்தான் அவரும் வாசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சன்னமான ஒரு சந்தேகம். இருவர் மட்டும் வாசித்தால் மேடை நிரம்புமா? — தவில் கலைஞர், திருப்பாதிரிப்புலியூர்

இந்தக் கேள்வியைத் தாங்கள் கேட்டிருப்பதுதான் வேடிக்கை, ஐயா. வைகாசித் திருவிழாவில் பாடலீசுவரர் கோயில் தேரடியில் ஒரு நாகசுரமும் ஒரு தவிலும் நின்றால் நான்கு வீதியும் நிரம்புவதைத் தாங்கள் அறியாதவரா? நாகசுரம், தவில், பின்னால் ஒத்து. இடைவிடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஒத்தின் மேல் மெட்டு ஏறி இறங்குகிறது. தவில் அதற்கு எதிராகப் பேசுகிறது. கார்டு என்ற ஒன்றே அங்கு கிடையாது, அது இல்லையே என்று யாரும் ஏங்கியதும் கிடையாது. (ஒத்து ஊதுகிறவர் மூச்சை விடாமல் சுற்றவிட்டு ஊதுவது எவ்வளவு கடினம் என்று தெரியாதவர்கள்தாம் 'ஒத்து ஊதுகிறான்' என்பதை வசவாக்கியிருக்க வேண்டும்.)

சில்வர் ஆப்பிள்ஸின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. காலால் மிதிக்கும் கீழ்ச்சுருதி ஆசிலேட்டர்கள் ஒத்தின் வேலையைச் செய்கின்றன, அவற்றின் மேல் சிமியனின் குரலும் இரண்டொரு சுரங்களும், எதிரே டெய்லர். நம் இசையைக் கேட்டு அவர்கள் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1960களில் மேற்கே எதைக் கண்டாலும் அதில் இந்தியாவைத் தேடிப் பிடித்து மகிழ்கிற பழக்கம் நமக்கு உண்டு, இங்கே அது வேண்டாம். அவர்கள் கையில் இருந்த கருவியால் கார்டு மாற்ற முடியாது. மாற்ற முடியாததை வைத்துக்கொண்டு இசை செய்தவர்கள், ஒரே சுருதியில் நின்று தாளத்தை விரிக்கிற வழிக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு வழி இருந்திருக்காது.

டெய்லரைப் பற்றித் தங்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அவர் தம் டிரம்களை ஆசிலேட்டர்களின் சுருதிக்கு இணங்கக் கட்டிக்கொண்டார். ராக் டிரம்ஸில் இது அரிது. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் கல்லையும் புள் என்ற மரக்கட்டையையும் வைத்துக்கொண்டு வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைத் தட்டித் தட்டிப் பாடகரின் சட்ஜத்துக்குக் கொண்டுவருவார், இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவார்; அந்தக் கவலை நியூயார்க்கில் ஒரு டிரம்ஸ்காரருக்கும் இருந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பதிவுகளில் டிரம் அடி வெறும் 'டப்' என்று விழாமல் மெட்டோடு சேர்ந்து ஒலிக்கிறது. பல தோல்களை அடுத்தடுத்து உருட்டி, ஓர் ஆவர்த்தனத்தையே திரும்பத் திரும்ப வாசித்து, அதில் ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப்போடுவார் டெய்லர். முதல் தட்டின் முதல் பாட்டான 'ஆசிலேஷன்ஸ்' கேட்டுப் பாருங்கள். பாட்டின் பொருளும் அதிர்வுதான், பின்னணியும் அதிர்வுதான். மற்றப் பாட்டுகளைவிட அதில் டெய்லரின் கை தெளிவாகக் கேட்கும்.

'வெள்ளி ஆப்பிள்கள்' என்ற பெயருக்கு என்ன பொருள்? — ஆங்கில ஆசிரியை, முத்தியால்பேட்டை

வகுப்பில் தாங்களே நடத்தியிருக்கக்கூடிய கவிதைதான், அம்மா. அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் எழுதிய, அலைந்து திரியும் ஏங்கஸைப் பற்றிய பாட்டு. இளமையில் ஒருமுறை கண்டு மறைந்த பெண்ணைத் தேடி முதுமைவரை அலையும் அவன், அவளைக் கண்டடைந்தால் காலமெல்லாம் நிலவின் வெள்ளி ஆப்பிள்களையும் கதிரவனின் பொன் ஆப்பிள்களையும் பறித்துக்கொண்டிருப்பேன் என்று முடிக்கிறான். அந்த முடிவடிகளிலிருந்து எடுத்த பெயர்.

இதே அடியிலிருந்து, அதே 1967இல், மார்ட்டன் சுபோட்னிக் என்ற இசையமைப்பாளரும் தம் மின்னணு இசைத்தட்டுக்குப் பெயர் எடுத்தார். ஓர் இசைத்தட்டு நிறுவனம் கேட்டு வாங்கி வெளியிட்ட முதல் மின்னணு இசைப் படைப்பு அது. ஆகவே இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. சுபோட்னிக் முறையாகப் பயின்றவர். புக்லா சின்தசைசர் என்ற, அதற்கென்றே வடிவமைத்த கருவியில் வேலை செய்தவர். இவர்களிடம் இருந்தது பழைய இரும்புக்கடைச் சாமான். ஒரே கவிதை அடி, ஒரே ஆண்டு. கவிதைக்குத்தான் எவ்வளவு தாராளம்.

மின்னணு இசையில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுதானே முதலில் வந்தது? — நெல்லிக்குப்பம் வாசகர்

இல்லை. கிராஃப்ட்வெர்க் 1970இல் தொடங்கியது. சில்வர் ஆப்பிள்ஸின் முதல் தட்டு 1968 ஜூனில் வந்துவிட்டது. ஆனால் 'முதல்' என்ற பட்டத்தை இவர்களுக்கும் சூட்ட வேண்டாம். 'தி யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரிலேயே ஒரு குழு அதே ஆண்டு மார்ச்சில் மின்னணு ஓசைகளோடு ஒரு தட்டை வெளியிட்டிருந்தது.

இவர்கள் இசையைச் சைகடெலிக் என்கிறார்களே, அப்படியென்றால் போதை இசை என்று பொருளா? என் மகன் இதைக் கேட்பதால் கேட்கிறேன். — குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு தந்தை

தங்கள் கவலை புரிகிறது. அந்தச் சொல்லை 1956இல் ஆக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியுடன் நடந்த கடிதப் போக்குவரத்தில் அது பிறந்தது. மனத்தை வெளிப்படுத்துவது என்று கிரேக்க வேர்களைச் சேர்த்துச் செய்த சொல். எல்.எஸ்.டி. போன்ற பொருள்கள் மனத்தில் என்ன செய்கின்றன என்ற ஆய்வின் நடுவில்தான் அது தோன்றியது. ஆகவே போதைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது என்று சொன்னால் நான் பொய் சொல்பவனாவேன். பிற்பாடு அது ஓர் இசைப் பாணியின் பெயராயிற்று. ஒரே ஒலி நீண்டு நிற்பது, திரும்பத் திரும்ப வரும் தாளம், ஒலிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைவது ஆகியவை அதன் அடையாளங்கள். தங்கள் மகன் கேட்பது இந்த ஒலியை என்றே நினைக்கிறேன். ஒருமுறை கூடவே உட்கார்ந்து கேளுங்கள். தலைவலி வரலாம், அதற்கு மேல் கெடுதல் இல்லை.

இந்த இரட்டையரும் அந்தக் காலத்து விளையாட்டுப் புத்திக்கு விலை கொடுத்தவர்கள்தாம். அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட கேப் ரெக்கார்ட்ஸ், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெரும் வெற்றிப் பாட்டொன்றை 1964இல் வெளியிட்ட, குடும்பத்தோடு கேட்கத்தக்க மெல்லிசைகளுக்குப் பேர்பெற்ற நிறுவனம். இப்படிப்பட்ட இசையை எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்களுக்கு விளங்கியிருக்காது. முதல் தட்டு அமெரிக்க இசைத்தட்டு விற்பனையின் பில்போர்டு பட்டியலில் 193ஆம் இடம்வரை ஏறியது. 1969இல் வந்த இரண்டாவது தட்டான 'காண்டாக்ட்' உறையில், இருவரும் பான் ஆம் விமானத்தின் விமானி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போதைப் பொருள் புழங்கும் சாமான்களும் படத்தில் தெரிகின்றன. உறையைத் திருப்பினால், விழுந்து நொறுங்கிய விமானச் சிதறல்களின் நடுவே அதே இருவர். எந்த விமான நிறுவனம்தான் சிரித்துக்கொண்டு போகும்? பான் ஆம் வழக்குத் தொடுத்தது. கடைகளிலிருந்து தட்டு போயிற்று, கச்சேரிகள் போயின, கேப் நிறுவனமும் விரைவில் ஓய்ந்தது. மூன்றாவது தட்டுக்கான பதிவுகள் பாதியில் நின்றன. 1967இல் தொடங்கியது 1970ஐ ஒட்டி முடிந்துவிட்டது.

அதே காலத்தில் நம் நாட்டில் யாரும் இப்படி மின்னணு இசை செய்யவில்லையா? — கடலூர் முதுநகர் வாசகர்

செய்தார்கள், ஆனால் ராக் மேடையில் அல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் சின்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்திருந்து அதை நிறுவினார். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க் சென்று அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேலை இசையைக் கற்று, மாற்றாக அவருக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தவர். அங்கே 1969 முதல் 1972 வரை பதிவான ஒலிநாடாக்கள் பல்லாண்டுகள் பேசப்படாமல் கிடந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. நியூயார்க்கில் பணம் இல்லாதவர் பழைய பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது, அகமதாபாத்தில் ஒரு நிறுவனத்தின் அறைக்குள் அந்தக் காலத்தின் விலையுயர்ந்த கருவி நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் வழக்கமான கணக்குத் தலைகீழாகிறது.

நம் பக்கத்தைப் பற்றியும் ஒரு வரி. சில்வர் ஆப்பிள்ஸின் முதல் தட்டு வெளிவந்த அதே 1968இல், பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல நாட்டு இளைஞர்கள் இங்கு வந்தார்கள், அவர்களில் கிதாரோடு வந்தவர்களும் உண்டு. ஆசிலேட்டரோடு வந்த எவரையும் நான் சந்தித்ததில்லை.

எங்கள் குழுவில் ஐந்து பேர் இருந்தோம். கீபோர்டுக்காரர் வேலைக்காகச் சென்னை போய்விட்டார், இரண்டு கிதார்க்காரர்களும் நின்றுவிட்டார்கள். நானும் டிரம்ஸ்காரரும்தான் மிச்சம். கலைத்துவிடலாமா? — முதலியார்பேட்டை இளைஞர்

கலைப்பதும் கலைக்காததும் உங்கள் இருவர் பாடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சிமியனும் டெய்லரும், போனவர்களுடைய இடத்தில் ஆள் தேடி நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் கஃபே வாவில் பிறர் பாட்டை வாசிக்கும் குழு ஒன்று கூடுதலாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஐந்து பேருக்காக அமைத்த பாட்டுகளையே இருவராக வாசிக்க முயன்றீர்களானால் கேட்பவர்களுக்கு மூன்று ஓட்டைகள் கேட்கும். சிமியன் புதிய பாட்டுகளுக்குப் போனார். முதல் தட்டின் சொற்களை எழுத ஸ்டான்லி வாரன் என்ற கவிஞர் சேர்ந்துகொண்டார். இன்னொன்று: 'புரோகிராம்' என்ற பாட்டில் மூன்றாவது ஆளுக்குப் பதிலாக ஒரு வானொலியையே மேடையேற்றினார்கள். குமிழைத் திருப்ப, அந்த நேரத்தில் எந்த நிலையத்தில் என்ன ஒலிக்கிறதோ அது பாட்டுக்குள் வந்து விழும். உங்கள் பரண்மேல் ஒரு பழைய ரேடியோ இருக்குமே.

பிறகு அந்த இருவரும் என்ன ஆனார்கள்? — பலர், முதல் கடிதம் வந்தது வில்லியனூரிலிருந்து

சிமியன் தெற்கே அலபாமாவுக்குப் போனார். ஓவியம் தீட்டினார், தொலைக்காட்சிச் செய்தியாளராகவும் வேலை பார்த்தார். டெய்லர் எங்கே போனார் என்று சிமியனுக்கே தெரியவில்லை. 1994இல் ஜெர்மனியில் யாரோ இவர்களைக் கேட்காமலே இரண்டு தட்டுகளையும் குறுந்தகடாக அடித்து விற்க, புதிய தலைமுறை ஒன்று இவர்களைக் கண்டுபிடித்தது. திருட்டுப் பதிப்பால் ஒரு கலைஞருக்கு மறுபிறவி கிடைப்பது ஞாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடந்தது அதுதான். 1996இல் சிமியன் வேறு கலைஞர்களோடு மேடைக்குத் திரும்பினார். இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட் குழுவினர் இவர்களுக்குத் தாங்கள் பட்ட கடனை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

1998இல் டெய்லர் கிடைத்தார். மூன்றாவது தட்டுக்காக முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த பதிவுகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. அவற்றில் சில முழுப் பாட்டுகள். சிலவற்றில் டெய்லரின் டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெற்று டிரம்ஸுக்கு மேல் சிமியன் புதிதாக ஆசிலேட்டர்களை வாசித்துச் சேர்த்தார். 'தி கார்டன்' என்ற பெயரில் அந்த ஆண்டே வெளியான அந்தத் தட்டில், தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவில் ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளி இருக்கும் பாட்டுகள் இருக்கின்றன. சொல்லாவிட்டால் காதுக்குத் தெரியாது. இருவரும் மீண்டும் சேர்ந்து மேடையேறினார்கள். அதே ஆண்டு, குழுவின் வண்டி விபத்துக்குள்ளாகிச் சிமியனின் கழுத்தெலும்பு முறிந்தது. நீண்ட காலம் அவரால் வாசிக்க முடியவில்லை.

டெய்லர் 2005 மார்ச் 10 அன்று இறந்தார். உடல் தேறிய சிமியன், அவருக்குப் பதிலாக வேறு டிரம்ஸ்காரரை அமர்த்தவில்லை. பழைய பதிவுகளிலிருந்து டெய்லரின் அடிகளை எடுத்துக் கணினியில் சேமித்து, அவற்றை ஒலிக்கவிட்டு, ஆசிலேட்டர்களின் முன் தனியாக நின்று வாசித்தார். 2016இல் ஒரு புதிய தட்டையும் வெளியிட்டு, 2020 செப்டம்பர் 8 அன்று, 82 வயதில் அலபாமாவில் காலமாகும் வரை, சுவரொட்டிகளில் பெயர் 'சில்வர் ஆப்பிள்ஸ்' என்றே இருந்தது.